தோட்டம் போனாலும் பெயர் வரைபடத்தில் இருக்கட்டும்

மலேசியச் செம்பனைத் தொழிலின் வரலாறு பேசப்படும்போது ஒரு தமிழ்ப் பெயர் தவறாமல் வந்து நிற்கும். அது 'தென்னமரம்'. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் அழைக்கப்படும் பட்டணத்தின் பக்கத்தில் உள்ள தோட்டத்தின் பெயர் அது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் உருவாக்கினார். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-ஆம் ஆண்டில் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசும் கிடைத்தது.

தோட்டத்தின் பெயர் உலகப் புத்தகங்களில் ஏறிவிட்டது. ஆனால் தோட்டம் என்பது பெயர்ப் பலகை மட்டும்தானா? லயங்கள் எங்கே இருந்தன? ஆயாக் கொட்டகை எந்தப் பக்கம்? பிரட்டு எடுத்த திடல் எது? மாரியம்மன் கோயில், பழைய பள்ளிக்கூடம், சுடுகாடு ஆகியவை எங்கே? கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் தொடங்கி வடக்கே சபாக் பெர்ணாம் வரையில் எந்தத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் பெரியவர்கள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "அந்த வளைவைத் தாண்டி ஒரு பெரிய மரம் இருக்குமே, அதுக்குப் பின்னால." மரத்தை வெட்டிப் பல காலம் ஆகியிருக்கும். வளைந்த செம்மண் பாதை நேரான தார்ச்சாலை ஆகியிருக்கும். அந்த இடம் சொல்கிறவரின் மனத்தில் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த மனக்கணக்கைக் கணினியில் ஏற்றி, எவரும் சரிபார்க்கக்கூடிய வரைபடமாக மாற்ற முடியுமா? முடியும். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. பொறுமையும், எண்களில் கவனமும் இருந்தால் போதும்.

பெயர் மட்டும் மிஞ்சிய தோட்டங்கள்

தோட்டங்கள் கலைவது இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். பின்னாளில் அரச பேராசிரியரான உங்கு அஜீஸ், 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார். வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோன தொழிலாளர்களின் நிலையைக் கண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற சில இடங்களில் இப்போது தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன.

மக்கள் இடம் மாறினார்கள். பெயர் மட்டும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டது. ராஜா மூசா, துவான் மீ, கோல்ஃபீல்ட்ஸ் என்று இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் 'லாடாங்' என்ற சொல்லைப் பெயரோடு சுமந்து நிற்கின்றன. பள்ளிப் பெயரில் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் எந்த மூலையில் யார் வாழ்ந்தார்கள் என்பதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாது. பெற்றோரில் பலருக்கும் தெரியாது.

ஆபீஸ் சுவரில் தொங்கிய வரைபடம்

தோட்ட ஆபீஸில் வேலை செய்த கிராணிமார்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கும். வெட்டு எண், நட்ட ஆண்டு, ஏக்கர் கணக்கு, சாலை, வடிகால் எல்லாம் அதில் இருக்கும். அந்த வரைபடத்தின் மேல் மெல்லிய கண்ணாடித் தாள் ஒன்றை விரித்து, அதில் லயங்களை மட்டும் வரைவதாக வைத்துக்கொள்வோம். இன்னொரு தாளில் கோயில்களை மட்டும். மூன்றாவது தாளில் ஆறும் வாய்க்காலும். தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் முழுத் தோட்டமும் தெரியும். வேண்டாத தாளை எடுத்துவிட்டால் வேண்டியது மட்டும் தெரியும். புவியியல் தகவல் முறைமை எனப்படும் கணினி வரைபட மென்பொருளின் அடிப்படை இதுதான். அந்தத் தாள்களை அங்கே 'அடுக்கு' என்பார்கள்.

ஒவ்வோர் அடுக்கும் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும். கோயில், கிணறு, பள்ளி போன்றவை புள்ளி. சாலை, வாய்க்கால், தண்டவாளம் போன்றவை கோடு. தோட்ட எல்லை, ரப்பர் வெட்டு, திடல் போன்றவை பலகோணம், அதாவது மூடிய பரப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் பரப்புக்கும் பின்னால் ஒரு பட்டியல் இருக்கும். கோயில் புள்ளியைத் தொட்டால் அதன் பெயர், கட்டிய ஆண்டு, இடம் மாறிய ஆண்டு, தகவல் வந்த வழி எல்லாம் தெரியும்.

கைப்பேசியில் பார்க்கும் வரைபடத்துக்கும் இதற்கும் இங்கேதான் வித்தியாசம். கைப்பேசி வரைபடத்தில் வேறு யாரோ எதைக் காட்ட விரும்பினார்களோ அதைத்தான் பார்க்க முடியும். இங்கே எதைப் பதிவு செய்வது என்று தீர்மானிப்பது வரைகிறவர்.

இந்தத் துறைக்கு வித்திட்டவர் ரோஜர் டாம்லின்சன். 1960-களில் கனடா நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்கக் கணினியைப் பயன்படுத்தலாம் என்று அவர் வழிகாட்டினார். வெகுகாலம் இம்மென்பொருள்கள் அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. 2002-ஆம் ஆண்டில் அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் ஒரு திறந்த மூல மென்பொருளைத் தொடங்கினார். அதுதான் இன்று உலகம் முழுவதும் புழங்கும் கியூஜிஐஎஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஒரு காசு கட்டத் தேவையில்லை. புதிதாகக் கற்பவர்கள், நீண்டகாலப் பராமரிப்புக்கு என்று வெளியிடப்படும் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதில் கோளாறுகள் குறைவு.

முதல் வேலை கணினியில் இல்லை

மென்பொருளைத் திறந்தவுடன் வரைய ஆரம்பிப்பவர்கள் பாதியிலேயே களைத்துப் போகிறார்கள். முதலில் தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம். எக்செல் அட்டவணையாக இருந்தால் இன்னும் நல்லது. ஓர் இடத்துக்கு ஒரு வரிசை. அதில் தமிழ்ப் பெயர், மலாய் அல்லது ஆங்கில எழுத்தில் உள்ள பெயர், மக்கள் வழங்கிய வேறு பெயர், இடத்தின் வகை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது, அட்சரேகை, தீர்க்கரேகை, தகவல் கிடைத்த வழி, பதிவு செய்த தேதி ஆகியவை தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும்.

வேறு பெயருக்கு ஏன் தனிக் கட்டம்? தென்னமரத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில ஆவணங்களில் சிலர் அதன் கடைசி எழுத்தை 'ம்' என்று முடிக்கிறார்கள், சிலர் 'ன்' என்று முடிக்கிறார்கள். ஒரே பெயரை மட்டும் பதிவு செய்துவிட்டு மற்றொன்றைத் தேடினால் கணினி 'இல்லை' என்று சொல்லிவிடும். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்றாகவும், சனங்கள் வழங்கிய பெயர் வேறாகவும் இருப்பது இங்கே சகஜம். இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு கட்டத்தையும் மறக்கக் கூடாது. அது நம்பகத்தன்மை. நேரில் போய்ப் பார்த்து ஜிபிஎஸ் எடுத்தால் 'அ', பழைய வரைபடத்தில் கண்டதென்றால் 'ஆ', பெரியவர் வாய்மொழியாகச் சொன்னது மட்டும் என்றால் 'இ' என்று குறித்துக்கொள்ளலாம். நாளைக்கு யாராவது "இது உறுதியா?" என்று கேட்டால், எது எந்த அளவுக்கு உறுதி என்பதற்கு அந்த ஓர் எழுத்தே பதில் சொல்லும்.

எண்களில் வரும் தடுமாற்றம்

கைப்பேசி வரைபடத்தில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். கோலசிலாங்கூர் பட்டணத்துக்கு அவை ஏறக்குறைய 3.34, 101.25 என்று இருக்கும். முதல் எண் அட்சரேகை. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே என்பதைச் சொல்வது. இரண்டாவது தீர்க்கரேகை. கிழக்கே எவ்வளவு தூரம் என்பதைச் சொல்வது.

கியூஜிஐஎஸ் மென்பொருள் இதே எண்களை 'எக்ஸ்', 'ஒய்' என்று கேட்கும். எக்ஸ் என்பது கிழக்கு-மேற்கு, ஆகவே 101.25 அங்கே போக வேண்டும். ஒய் என்பது 3.34. மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? அட்சரேகை 90 பாகைக்கு மேல் போகவே முடியாது. ஆகையால் கோலசிலாங்கூர் வடதுருவத்துக்கும் அப்பால், உலகத்துக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாகக் கற்பவர்கள் "புள்ளியையே காணோமே" என்று தேடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்த பிழை இன்னும் ஆபத்தானது. காரணம், அது கண்ணுக்குத் தெரியாது. பழைய ஆவணங்கள் பாகை, நிமிடம் என்று எழுதும். 3 பாகை 20 நிமிடம் என்றால் அது 3.20 ஆகாது. ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் 20-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 3.3333. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். எனவே 3.20 என்று எழுதியவரின் புள்ளி சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே போய் ஜெராம் பக்கமாக விழுந்துவிடும். அங்கேயும் தோட்டம் உண்டு என்பதால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை எண்கள் வேண்டும்? மூன்று எண்கள் என்றால் 100 மீட்டர் அளவுக்குத்தான் துல்லியம். ஐந்து எண்கள் என்றால் ஒரு மீட்டர். ஆனால் கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் தடுமாறும். செம்பனை ஓலைகளின் அடியில் நின்றால் அது இன்னும் கூடும். ஆகவே வெளிச்சமான இடத்துக்கு வந்து, ஒரு நிமிடம் நின்று, இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே இடம், வேறு வேறு எண்கள்

கற்பவர்களை அதிகம் குழப்புவது 'ஆயத்தொலை முறை' என்ற பகுதி. பூமி உருண்டை, தாள் தட்டை. உருண்டையைத் தட்டையாக்க ஒவ்வொரு நாடும் தனக்குப் பொருத்தமான கணக்கை வைத்திருக்கிறது. கைப்பேசி தரும் எண்கள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகக் கணக்கைச் சேர்ந்தவை. மென்பொருளில் அதன் எண் 4326. தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் 'கெர்த்தாவ்' என்ற கணக்கில் வரையப்பட்டவை. இன்றைய மலேசிய அளவைக் கணக்கு ஜிடிஎம் 2000. தீபகற்பத்துக்கு அது மீட்டரில் அமைந்திருக்கிறது, எண் 3375.

இந்த வேறுபாடு அவ்வளவு முக்கியமா? கெர்த்தாவ் கணக்கில் உள்ள எண்ணை உலகக் கணக்கு என்று தவறாகச் சொல்லிவிட்டால், நம் வட்டாரத்தில் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போகும். நூறு மீட்டர் போதும், சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த கோயிலை அந்தப் பக்கத்து நிலத்தில் கொண்டுபோய் வைத்துவிட.

இதில் ஒரு நுணுக்கம். மென்பொருளில் அடுக்கின் ஆயத்தொலை முறையை 'அமைக்கும்' கட்டளை வேறு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 'மாற்றும்' கட்டளை வேறு. முதலாவது வெறும் பெயர்ச்சீட்டு. போத்தலில் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் எண்ணெய் மாறாது. எண்கள் உண்மையில் மாற வேண்டுமென்றால் அடுக்கைப் புதிய முறையில் ஏற்றுமதி செய்ய வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் எந்த முறையில் உள்ளது என்று சரியாகச் சொல்லிவிட்டால் போதும், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

பழைய வரைபடத்தைப் பொருத்துவது

தோட்டப் பெயர்களும் எல்லைகளும் பழைய நில அளவை வரைபடங்களில் நிறைய உண்டு. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்ட தாள்கள் அவற்றில் முக்கியமானவை. அத்தகைய தாளின் படம் கிடைத்தால் அதைக் கணினியில் ஏற்றி, இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தலாம். அதற்கான கருவியின் பெயர் ஜியோரெஃபரன்சர்.

செய்முறை எளிது. பழைய தாளில் ஓர் இடத்தைத் தொட வேண்டும். இன்றைய வரைபடத்தில் அதே இடத்தைக் காட்ட வேண்டும். இப்படிப் பல இடங்கள். கணக்குப்படி மூன்று இடங்கள் போதும் என்றாலும் ஆறு, எட்டு இடங்கள் கொடுத்தால்தான் எங்கே பிழை என்று மென்பொருளால் காட்ட முடியும். அவை தாளின் நான்கு மூலைகளிலும் பரவியிருக்க வேண்டும். எந்த இடங்களைத் தேர்ந்தெடுப்பது? இடம் மாறாதவற்றை. புக்கிட் மெலாவாத்தியில் 1907-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நல்ல எடுத்துக்காட்டு. பழைய பாலங்களும் சாலைச் சந்திகளும் பெரும்பாலும் உதவும். சிலாங்கூர் ஆற்றின் வளைவுகளை நம்ப முடியாது. ஆறு கரையை மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் ஏறக்குறைய 63 மீட்டர். பென்சில் கோட்டின் தடிப்பே 30 மீட்டர் ஆகிவிடும். அத்தகைய தாளை வைத்துத் தோட்டம் எங்கே இருந்தது என்று சொல்லலாம். கோயில் தூண் எங்கே இருந்தது என்று சொல்ல முடியாது.

காட்டை அழித்த காலம், ரப்பரை வெட்டிய காலம், தாமான் எழுந்த காலம் ஆகியவற்றை அறிய விண்கோள் படங்கள் உதவும். லேண்ட்சாட் விண்கோள்கள் 1972-ஆம் ஆண்டிலிருந்து பூமியைப் படம் எடுத்து வருகின்றன. 2008-ஆம் ஆண்டிலிருந்து அந்தப் படங்கள் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015-ஆம் ஆண்டு முதல் உண்டு. அவற்றில் ஒரு சதுரப் புள்ளி நிலத்தில் 10 மீட்டர். நம் நாட்டு மேகம்தான் இடைஞ்சல். மேகமில்லாத நாளைத் தேடி எடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

கோப்பைச் சேமிக்கும்போது பலரும் 'ஷேப்ஃபைல்' என்ற பழைய வகையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது தமிழுக்கு ஏற்றதல்ல. அதில் கட்டத்தின் தலைப்புக்குப் பத்து பைட் மட்டுமே இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் எடுக்கும். 'தோட்டம்' என்ற சொல்லையே முழுதாக எழுத முடியாது. மேலும் அந்த வகையில் ஒரே அடுக்குக்குப் பல கோப்புகள் இருக்கும். ஒன்றை விட்டுவிட்டு நண்பருக்கு அனுப்பினால் அவரால் திறக்க முடியாது. 'ஜியோபேக்கேஜ்' என்ற புதிய வகையில் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும், தமிழும் உடையாது.

எக்செல் அட்டவணையிலிருந்து ஏற்றும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமிக்க வேண்டும். சங்கங்களிடமும் ஆலயங்களிடமும் உள்ள பழைய பட்டியல்கள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாடு இது. இங்கே தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரிவதற்கு நியாயமில்லை.

கேள்வி கேட்கத் தெரிந்தால் பதில் உண்டு

பெயர்களைக் குறித்து வைப்பதோடு வேலை முடிந்ததா? வரைபடத்தின் உண்மையான பயன் அதற்குப் பிறகுதான்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், மலேரியா எங்கே அதிகம், எங்கே குறைவு என்று இடம் இடமாகப் பார்த்தார். சதுப்பு நிலத்தில் தேங்கிய நீரை வடித்ததும் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சல் குறைந்தது. பின்னர் தோட்டங்களில், லயங்கள் காட்டுக்கும் சதுப்புக்கும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன, அங்குள்ள பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீக்கம் எவ்வளவு என்று தோட்டம் தோட்டமாகக் கணக்கெடுத்தார். தொழிலாளி சாவது விதியால் அல்ல, லயம் கட்டிய இடத்தால் என்பதை அவருடைய கணக்கு காட்டியது.

கணினி இல்லாமல் வாட்சன் செய்த அந்த வேலையைக் கியூஜிஐஎஸ் சில நொடிகளில் செய்யும். ஓர் இடத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வட்டம் போடும் கருவி அதில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டால், நம் குடும்பங்கள் வாழும் தாமான்களில் எவை அதற்கு வெளியே இருக்கின்றன என்று தெரியும். பள்ளிப் பேருந்து எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேசும்போது அந்தப் படம் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும், முடிவு விரைவில் கிடைக்கும். இங்கும் ஓர் எச்சரிக்கை. வட்டம் போடுவதற்கு முன் அடுக்கை மீட்டர் கணக்குக்கு மாற்ற வேண்டும். பாகைக் கணக்கில் 5 என்று கொடுத்தால் வட்டம் சுமத்ராவைத் தாண்டிப் போய்விடும்.

பரப்பளவும் அப்படியே. மென்பொருள் ஹெக்டேரில் பதில் சொல்லும். நம் பெரியவர்கள் ஏக்கரில் கேட்பார்கள். ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர்.

வரைபடம் நிலப்பட்டா ஆகாது

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கோயில் எழுபது ஆண்டுகளாக இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டிவிட்டால் நிலம் கோயிலுக்குச் சொந்தமாகிவிடும் என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. மலேசியாவில் நில உரிமை என்பது பதிவு செய்யப்பட்ட பட்டாவில்தான் இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும் அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது என்கிறது. எல்லைக்கல் எங்கே என்று சொல்லும் அதிகாரம் உரிமம் பெற்ற நில அளவையாளருக்குத்தான் உண்டு.

அப்படியானால் இந்த வரைபடத்தால் என்ன பயன்? கோயில் எந்த லாட்டில் நிற்கிறது என்றே தெரியாமல் கடிதம் எழுதும் நிர்வாகங்கள் உண்டு. இடத்தின் சரியான எண்களைக் கொண்டுபோனால் மாவட்ட நில அலுவலகத்தில் லாட் எண்ணைத் தேடுவதும், நிலம் அரசாங்கத்துடையதா கம்பெனியுடையதா என்று அறிவதும் எளிதாகும். நிலம் கைமாறுவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொண்டால் பேசுவதற்கும் விண்ணப்பிப்பதற்கும் நேரம் இருக்கும். மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகு தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

தனி மனிதர்களின் விவரங்களிலும் கவனம் வேண்டும். எந்த வீட்டில் எந்தக் குடும்பம் என்பதைப் பொதுவில் வைக்கும் வரைபடத்தில் போடக் கூடாது. தகவல் சொன்னவரின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டுமே எழுதலாம்.

நான்கு வார இறுதிகள் போதும்

சாதாரண மடிக்கணினி ஒன்று இருந்தால் நான்கு வார இறுதிகளில் ஒரு தோட்டத்தின் வரைபடத்தை முடிக்கலாம். முதல் வாரம் மென்பொருளை நிறுவி, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தைப் பின்னணியாகத் திறந்து, கோலசிலாங்கூரைத் தேடிப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பழக வேண்டும். இரண்டாம் வாரம் இருபது இடங்களுக்கு மேல் ஆசைப்படாமல் அட்டவணை தயாரிக்க வேண்டும். மூன்றாம் வாரம் அதை மென்பொருளில் ஏற்றி, தவறான இடத்தில் விழுந்த புள்ளிகளைத் திருத்தி, கோயிலுக்கு ஒரு நிறம், பள்ளிக்கு ஒரு நிறம் என்று அமைக்க வேண்டும். நான்காம் வாரம் அளவுகோல், வடக்குக் குறி, தயாரித்த தேதி ஆகியவற்றோடு பெரிய தாளில் அச்சிட வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தினால் அதன் பெயரைத் தாளில் ஒரு மூலையில் போட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தப் பொது வரைபடத்தில் எவரும் கணக்குத் திறந்து ஓர் இடத்தின் தமிழ்ப் பெயரைத் தனியாகச் சேர்க்கலாம். உலகமே அதைப் பார்க்கலாம்.

தனி ஒருவரால் இதைச் செய்ய முடியும். ஆனால் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களும், ஆலய நிர்வாகமும், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரும் சேர்ந்தால் வேலை இன்னும் சுலபம். பிள்ளைகளுக்குக் கணினி வரும். பெரியவர்களுக்கு இடம் தெரியும்.

அச்சிட்ட தாளைப் பெரியவர்களிடம் கொண்டுபோய் விரித்து, கையில் பென்சிலைக் கொடுக்க வேண்டும். கணினித் திரையில் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாமல் போகலாம். தாளில் பிடிபடும். "கிணறு இங்க இல்ல, அந்தப் பக்கம்" என்று ஒருவர் சொல்வார். "இல்லவே இல்ல, கிராணி வீட்டுக்குப் பின்னால" என்று இன்னொருவர் மறுப்பார். அந்த வாக்குவாதம் நடக்கட்டும். இரண்டையும் எழுதிக்கொண்டு, பழைய தாளோடும் விண்கோள் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது சரி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இரண்டையும் 'இ' என்று குறித்து வைக்கலாம்.

மென்பொருள் அடுத்த ஆண்டும் இலவசமாகக் கிடைக்கும். விண்கோள் படங்களும் எங்கும் போய்விடாது. அந்தக் கிணறு எங்கே இருந்தது என்று கை நீட்டிக் காட்டத் தெரிந்தவர் அடுத்த ஆண்டும் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன்னால் அவரைப் போய்ப் பார்ப்பது நல்லது.